கண்ணாடிப் பெட்டியா, அம்மாவின் நெஞ்சா? செவிலியர் பணியில் சான்றின் பங்கு

அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அரை நாள் உட்கார்ந்திருந்தால், கீழே உள்ளது போன்ற பேச்சு உங்கள் காதில் விழலாம்.

"ஏன் நர்ஸம்மா, புள்ள ஒன்றரைக் கிலோதான் இருக்கு. அதைக் கண்ணாடிப் பெட்டியில வைக்காம, பெத்தவ நெஞ்சுல கட்டிக்கச் சொல்றீங்களே. பெட்டி காலி இல்லையா?"

"பெட்டி இருக்குங்க பாட்டி. ஆனா இந்தக் குழந்தைக்கு இப்ப உங்க மக நெஞ்சுதான் நல்லது. அதனாலதான் சொல்றேன்."

பாட்டியின் கவலையில் நியாயம் இருக்கிறது. மின்சாரத்தில் இயங்கும், விளக்கு எரியும் கருவி ஒரு பக்கம். பிரசவ வலி கூட இன்னும் தீராத தாயின் உடம்பு மறுபக்கம். எது உசத்தி என்று கேட்டால், நம்மில் பலரும் கருவியைத்தான் காட்டுவோம். அப்படியிருக்க, அந்தச் செவிலியர் எப்படி இவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்?

அவர் தன் மனதுக்குத் தோன்றியதைச் சொல்லவில்லை. அவருடைய பேச்சுக்குப் பின்னால் நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட சோதனையும் கணக்கும் இருக்கின்றன. இப்படி, நிரூபிக்கப்பட்டதை ஆதாரமாக வைத்து நோயாளியைக் கவனிப்பதைத்தான் "சான்று அடிப்படையிலான செவிலியப் பராமரிப்பு" என்கிறோம். செவிலிய மாணவர்கள் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். மருத்துவமனைக்கு வந்துபோகும் நாமும் இதைத் தெரிந்துகொண்டால் நமக்குத்தான் நன்மை. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அப்படின்னா என்ன?

"புத்தகத்தில் போட்டிருக்கு, அதனால செய்யறோம்" என்பது மட்டுமே சான்று அடிப்படையிலான பராமரிப்பு ஆகிவிடாது. இதற்கு மூன்று கால்கள் உண்டு. 1996-இல் டேவிட் சாக்கெட் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் மருத்துவத்துக்குச் சொன்ன விளக்கத்திலிருந்து செவிலியத் துறையும் இதை எடுத்துக்கொண்டது.

முதல் கால், ஆராய்ச்சியில் கிடைத்த நல்ல சான்று. இரண்டாவது, செவிலியரின் அனுபவமும் கைத்திறனும். மூன்றாவது, நோயாளியின் நிலைமையும் விருப்பமும்.

முக்காலியில் ஒரு கால் உடைந்தாலும் உட்கார முடியாது, இல்லையா? சான்று இருந்தும் அனுபவம் இல்லையென்றால், பொருந்தாத நோயாளிக்கும் அதையே செய்துவிடுவோம். அனுபவம் இருந்தும் சான்று இல்லையென்றால், தவறையே இருபது வருடம் நேர்த்தியாகச் செய்துகொண்டிருப்போம். நோயாளியைக் கேட்காமல் விட்டால், நல்ல சிகிச்சையும் வீட்டுக்குப் போனதும் நின்றுவிடும்.

அன்பு மட்டும் போதுமா?

"நல்ல மனசோட செஞ்சா தப்பு வராது" என்று நினைக்கிறோம். இது உண்மையா என்பதை ஒரு பழைய சம்பவம் காட்டும்.

1940-களில் அமெரிக்காவிலும் வேறு சில வசதியான நாடுகளிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்குபேட்டருக்குள் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். குழந்தை நன்றாகச் சிவந்து தெரியும், மூச்சும் சீராகும். ஆனால் அதே காலத்தில் குறைமாதக் குழந்தைகள் பலர் பார்வை இழந்தார்கள். 1950-களின் தொடக்கத்துக்குள் உலகம் முழுவதும் சுமார் 10,000 குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. வசதியான மருத்துவமனைகளில்தான் இது அதிகமாக இருந்தது என்பது இன்னும் குழப்பியது.

அப்போது வாஷிங்டன் நகரில் ஆர்னால் பேட்ஸ் என்ற இளம் கண் மருத்துவருக்கு ஆக்சிஜன் மேல் சந்தேகம் வந்தது. அவரும் உடன் பணியாற்றியவரும் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல அதிக ஆக்சிஜன். இன்னொரு குழுவுக்குத் தேவைப்பட்டால் மட்டும், அளவாக. ஆனால் இரவுப் பணியில் இருந்த செவிலியர் சிலருக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், இந்தக் குழந்தைக்கு மட்டும் மூச்சுக் காற்றைக் குறைச்சு வச்சிருக்காங்களே" என்று, யாரும் பார்க்காத நேரத்தில் ஆக்சிஜனைத் திருகிக் கூட்டிவிட்டார்களாம்.

அவர்கள் கெட்டவர்களா? இல்லை. அவர்கள் செய்தது முழுக்க முழுக்க அன்பினால்தான். ஆனால் குழந்தையின் கண்ணைக் கெடுத்தது அவர்கள் கூட்டிய அந்த ஆக்சிஜன்தான். 1953-இல் தொடங்கி 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு அதை உறுதி செய்தது. ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தியதும் பார்வை இழப்பு வெகுவாகக் குறைந்தது.

கதை அதோடு முடியவில்லை. "ஆக்சிஜன் ஆபத்து" என்று அடுத்த சில ஆண்டுகளில் அதை ஒரேயடியாகக் குறைத்தபோது, மூச்சுக்குத் தவித்துக் குழந்தைகள் இறந்தார்கள். அதிகமும் தவறு, குறைவும் தவறு. எவ்வளவு சரி என்பதை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவில், குழந்தையின் காலில் சிறு கம்பி ஒட்டி, திரையில் ஓடும் எண்ணைச் செவிலியர் அடிக்கடி பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்கு அந்த எண் பொதுவாக 90-க்கும் 95-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் "நல்லாத்தானே இருக்கு" என்று விடாமல் அவர் ஆக்சிஜனைக் குறைப்பார். அது கஞ்சத்தனம் இல்லீங்க. பார்வையைக் காப்பாற்றும் வேலை.

சான்று எப்படி உருவாகிறது?

இப்போது நம் பாட்டியின் கேள்விக்கு வருவோம். தாயின் நெஞ்சோடு குழந்தையைச் சேர்த்து வைக்கும் முறைக்குக் "கங்காரு பராமரிப்பு" என்று பெயர். தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் விலங்கை நினைத்து வைத்த பெயர்.

இது தொடங்கியது ஒரு தட்டுப்பாட்டில். 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் ஒரு பெரிய மகப்பேறு மருத்துவமனை. இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள். ஒரு குழந்தையின் கிருமி அடுத்த குழந்தைக்குத் தொற்றியது. அப்போது மருத்துவர் எட்கர் ரே, நிலைமை சீரான குழந்தைகளைத் தாயின் தோலோடு தோல் ஒட்டிக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். அடுத்து மருத்துவர் எக்டர் மார்டினெஸ் அதை முன்னெடுத்தார்.

நல்ல பலன் கிடைப்பதாகச் செய்தி பரவியது. ஆனால் "நல்ல பலன்" என்ற சொல் மட்டும் சான்றாகிவிடாது. ஏன்? அவர்கள் தேர்ந்தெடுத்த குழந்தைகளே கொஞ்சம் திடமானவர்களாக இருந்திருக்கலாமே. பெட்டியிலேயே இருந்த குழந்தைகள் முதலிலிருந்தே நோய்ப்பட்டவர்களாக இருந்திருக்கலாமே. அதனால் பல நாட்டு மருத்துவர்கள் இதை முதலில் ஏற்கவில்லை. "ஏழை நாடுகளுக்கான மாற்று ஏற்பாடு" என்றே பார்த்தார்கள்.

இங்கேதான் ஒப்பீட்டு ஆய்வு வருகிறது. எந்தக் குழந்தைக்கு எந்த முறை என்பதை மருத்துவர் விருப்பப்படி முடிவு செய்யாமல், சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரிப்பார்கள். அப்போதுதான் இரண்டு குழுவும் எல்லா வகையிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். கடைசியில் வரும் வித்தியாசம், கொடுத்த பராமரிப்பால் வந்ததுதான் என்று நம்பலாம்.

அப்படிப்பட்ட ஆய்வுகள் பல நாடுகளில் நடந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, நிலைமை சீரான எடை குறைந்த குழந்தைகளுக்குக் கங்காரு பராமரிப்பு இறப்பையும், கிருமித் தொற்றையும், உடல் சில்லிட்டுப் போவதையும் குறைப்பது தெரிந்தது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "குழந்தை சீரான பிறகு" என்கிறோமே, அதற்குள் சில நாட்கள் ஓடிவிடுகின்றன. அந்த நாட்களில்தான் பல குழந்தைகள் இறக்கின்றன. பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன?

இதைத் தெரிந்துகொள்ள உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வை நடத்தியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், நாட்டுக்கு ஒரு மருத்துவமனை. நம் நாட்டிலிருந்து டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு குழுவுக்குப் பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே கங்காரு பராமரிப்பு தொடங்கியது. நாளுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் அது நடந்தது. மற்றக் குழு வழக்கம்போல இன்குபேட்டரிலோ வார்மரிலோ இருந்து, சீரான பிறகு தாயிடம் போனது.

2021-இல் வெளியான முடிவு இதுதான். முதல் 28 நாட்களில், வழக்கமான பராமரிப்புக் குழுவில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன. உடனடிக் கங்காரு குழுவில் நூற்றுக்கு 12. இன்னொரு விதமாகச் சொன்னால், 27 குழந்தைகளுக்கு இப்படிச் செய்தால் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், இனி ஒரு குழுவுக்கு மட்டும் அதைக் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டே, 2022-இல், பிறந்தவுடன் கங்காரு பராமரிப்பைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றியது.

ஆக, "உங்க மக நெஞ்சுதான் நல்லது" என்று அந்தச் செவிலியர் சொன்ன ஒரு வரிக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். பிறந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் தானாக மூச்சுவிட முடியாத குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. எனவே அப்படிப்பட்ட குழந்தைக்கு இந்தக் கணக்கை அப்படியே நீட்டிச் சொல்லக்கூடாது. சான்று எதுவரை செல்லும் என்று அறிவதும் சான்றைப் படிக்கும் முறையில் அடக்கம்.

செவிலியர் பின்பற்றும் ஐந்து படிகள்

ஒன்று: கேட்டல். "குறைமாதக் குழந்தைக்கு எது நல்லது?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. யாருக்கு, என்ன செய்வது, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன் என்று நான்காகப் பிரித்துக் கேட்க வேண்டும். உதாரணம்: "1.5 கிலோ எடையுள்ள, தானாக மூச்சுவிடும் குழந்தையை, வார்மரில் வைப்பதோடு ஒப்பிட்டால், தாயின் நெஞ்சில் வைப்பது உடல் சூட்டைச் சீராக வைக்குமா?"

இரண்டு: தேடுதல். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள், தேசிய சுகாதார இயக்கத்தின் பயிற்சிக் கையேடுகள், பல ஆய்வுகளைச் சேர்த்து எழுதிய தொகுப்பாய்வுகள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இந்தப் பட்டியலில் இல்லை!

மூன்று: எடைபோடுதல். ஒருவரின் அனுபவம், ஒரு மருத்துவமனையின் பதிவேடு, குலுக்கல் முறை ஒப்பீட்டு ஆய்வு, அப்படிப்பட்ட பல ஆய்வுகளின் தொகுப்பு என்று வரிசையாக வைத்தால், நம்பகத்தன்மை படிப்படியாகக் கூடும். நம் வார்டில் இருப்பவர்களுக்கு அந்த ஆய்வு பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும்.

நான்கு: செயல்படுத்துதல். இங்கேதான் அனுபவமும் குடும்பமும் சேர்கின்றன. தாய்க்குச் சிசேரியன் ஆகி உட்கார முடியவில்லையா? சாய்வாகப் படுக்க வைத்துத் தொடங்கலாம். தாய் வேறு வார்டில் தீவிர சிகிச்சையில் இருக்கிறாரா? அப்பாவோ பாட்டியோ சட்டையை, ரவிக்கையை விலக்கி நெஞ்சில் ஏந்தலாம். கூச்சப்படும் தாய்க்கு ஒரு திரை போதும்.

ஐந்து: சரிபார்த்தல். குழந்தையின் உடல் சூடு 36.5-க்கும் 37.5 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் இருக்கிறதா? எடை ஏறுகிறதா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நெஞ்சில் இருந்தது? எழுதி வைத்தால்தான் அடுத்த மாதம் "நம்ம வார்டுல இது நடக்குதா" என்று தெரியும். 1850-களில் கிரிமியப் போர் மருத்துவமனையில் பணியாற்றிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல், வீரர்கள் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் அதிகம் இறந்தார்கள் என்பதைக் கணக்கெடுத்துப் படமாக வரைந்து காட்டினார். கையில் விளக்கோடு அவரை நினைவு வைத்திருக்கிறோம். அவர் கையில் கணக்கேடும் இருந்தது.

"எப்பவும் இப்படித்தான் செய்வோம்"

சான்று தெரிந்தும் பழக்கம் மாறாமல் இருப்பது எல்லா நாட்டிலும் உள்ள சிக்கல். பிரசவத்துக்கு முன் எல்லாருக்கும் முடி மழிப்பதும் எனிமா கொடுப்பதும் ஒரு காலத்தில் கட்டாயம்போல நடந்தன. இரண்டும் வழக்கமாகத் தேவையில்லை என்று இன்றைய வழிகாட்டுதல் சொல்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் பிளேடால் மழித்தால் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து தொற்று வரும். முடியை அப்படியே விடலாம், அவசியமென்றால் வெட்டும் கருவியால் கத்தரிக்கலாம். பிறந்த குழந்தையை உடனே குளிப்பாட்டினால் உடம்பு சில்லிட்டுப்போகும். குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போட வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரின் இடுப்பில் தோல் சிவந்தால் "நல்லா தேய்ச்சு விடுங்க" என்பார்கள். சிவந்த இடத்தைத் தேய்ப்பது உள்ளிருக்கும் திசுவை மேலும் கெடுக்கும். அந்த இடத்தில் பாரம் விழாதபடி திருப்பிப் படுக்க வைப்பதுதான் சரி.

இதையெல்லாம் மாற்றுவது செவிலியர் ஒருவரின் கையில் மட்டும் இல்லை. ஒரே நேரத்தில் பல குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியருக்குக் கங்காரு பராமரிப்பைப் பொறுமையாகச் சொல்லித்தர நேரம் வேண்டும். தாய் உட்காரச் சாய்வு நாற்காலி வேண்டும். தாய் உள்ளே தங்க இடம் வேண்டும். சான்றைப் படித்தவர் சொல்வதை மேலதிகாரி காதில் வாங்க வேண்டும். இவை இல்லாமல் "சான்றின்படி நடங்கள்" என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் பயனில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

முக்காலியின் மூன்றாவது கால் நீங்கள்தான் என்று பார்த்தோம். உங்கள் வீட்டில் 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ, 37 வாரத்துக்கு முன்போ குழந்தை பிறந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

கங்காரு பராமரிப்பை எப்போது தொடங்கலாம் என்று நீங்களே செவிலியரிடம் கேளுங்கள். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும் போட்டு, இரு மார்புகளுக்கு நடுவே நிமிர்ந்த நிலையில், தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கும் வாயும் மூடாமல் வைத்து, துணியால் கட்டுவார்கள். ஒரு தடவை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரமாவது, முடிந்தவரை அதற்கும் மேல். வீட்டுக்கு வந்த பிறகும் தொடரலாம். தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். தாய் களைத்தால் அப்பா வாங்கிக்கொள்ளட்டும். "ஆம்பள எப்படி?" என்று யாரும் கேட்டால், சூடு எல்லார் உடம்பிலும் உண்டு என்று சொல்லுங்கள்.

இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ, 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்குக் கண் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். பொதுவாகப் பிறந்து 30 நாட்களுக்குள் முதல் பரிசோதனை. மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்பாகவே. டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வெளியே பார்க்கக் கண் நன்றாகத்தான் இருக்கும். அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். வாஷிங்டன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, உடம்பு சில்லிட்டாலோ, மூச்சு வேகமாகி நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, வலிப்பு வந்தாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானாலோ காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கான சிகிச்சை, ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் இலவசம்.

எந்தச் சிகிச்சையானாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதை ஏன் செய்கிறீர்கள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி இருக்கிறதா? கோபமாக இல்லாமல், பாட்டி கேட்டது போல உரிமையோடு கேளுங்கள். நல்ல செவிலியர் அதை மதிப்பார். பதில் தெரியாவிட்டால் "கேட்டுச் சொல்றேன்" என்பார். அப்படிச் சொல்வதும் சான்று அடிப்படையிலான பராமரிப்பின் முதல் படிதான்.

உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. சான்று அடிப்படையிலான பராமரிப்பின் மூன்று கால்கள் எவை?
2. பொகோட்டாவில் கிடைத்த நல்ல பலனை மற்ற மருத்துவர்கள் உடனே ஏற்காதது ஏன்? அது சரியா?
3. ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்குத் திரையில் எண் 98 காட்டுகிறது. செவிலியர் ஆக்சிஜனைக் குறைக்கிறார். ஏன்?
4. உங்கள் வீட்டிலோ பணியிடத்திலோ "எப்பவும் இப்படித்தான்" என்று செய்யப்படும் ஒரு பழக்கத்தை எடுத்து, அதை நான்கு பகுதியுள்ள கேள்வியாக எழுதுங்கள்.

நான்காவது கேள்விக்கு விடை இந்தப் பக்கத்தில் இல்லை. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது அவரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.